தாலி கட்டும் நேரத்தில் விரல் தேடியது: பட்டனா, ஸ்விட்சா?

மேளச்சத்தம்
(இழையைத் தொடங்கியவர்)

பிராண்ட் சண்டை வேண்டாம் என்பதால் என் கேமரா எது என்று சொல்லப்போவதில்லை. யாரும் துருவிக் கேட்கவும் வேண்டாம்.

பத்து வருஷமாகக் கல்யாண வேலைக்கு ஒரே டிஎஸ்எல்ஆர். லென்ஸ் மவுண்டுக்குப் பக்கத்தில், இடது கட்டைவிரல் தானாகப் போய் உட்காரும் இடத்தில், ஒரு சின்ன லீவர். ஒரு பக்கம் தள்ளினால் ஆட்டோ ஃபோகஸ், மறுபக்கம் தள்ளினால் மேனுவல். முகூர்த்தத்துக்கு நான் செய்வது இதுதான்: மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் பெண்ணின் கழுத்துப் பக்கம் ஃபோகஸ் வைப்பேன், லீவரை மேனுவலுக்குத் தள்ளிவிடுவேன். கெட்டிமேளம் கொட்டியதும் நாலா பக்கமிருந்தும் அட்சதை பறக்கும். ஆட்டோவில் விட்டால் கேமரா சில நேரம் பறக்கிற அரிசியைப் பிடித்துக்கொள்ளும். மேனுவலில் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

போன ஆவணியில் புது மிரர்லெஸ் கேமராவோடு போனேன். இதில் லீவர் கிடையாது. கிரிப்புக்கும் லென்ஸுக்கும் நடுவில் மேலும் கீழுமாக இரண்டு பட்டன். கீழே உள்ளதை அமுக்கிக்கொண்டு பின்பக்க டயலைத் திருப்பினால் ஃபோகஸ் மோட் மாறும். வீட்டில் பத்து தடவை பழகிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். மண்டபத்தில் நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது என் விரல் மேலே இருக்கும் பட்டனை அமுக்கிவிட்டது. அது படத்தின் நிறத்தை மாற்றும் ஒயிட் பேலன்ஸ். டயலைத் திருப்பினேன், மணவறை முழுக்க நீலம். என்ன ஆயிற்று என்று புரிவதற்குள் இரண்டாவது முடிச்சு. ஃபோகஸ் இன்னும் ஆட்டோவில்தான் இருந்தது. ரா (RAW) ஃபைலாக எடுத்ததால் நீலத்தைப் பிறகு கணினியில் சரிசெய்துவிட்டேன். ஃபோகஸுக்கு என்ன செய்வது? அரிசி பளிச்சென்று இருக்கிறது, தாலி மங்கலாக இருக்கிறது. நல்ல வேளை, பக்கவாட்டிலிருந்து தம்பி எடுத்த படம் ஆல்பத்தைக் காப்பாற்றியது.

என் கேள்வி இதுதான். எல்லாவற்றையும் பட்டனாக மாற்றிக்கொண்டே போகிறார்களே, இதில் நமக்கு லாபம் ஏதாவது இருக்கிறதா? இல்லை, பழகாத குறை என்னுடையது மட்டும்தானா?

---

நீர்க்காகம்

அண்ணா, நடந்ததற்கு வருத்தம். ஆனால் நான் பட்டன் கட்சி.

பள்ளிக்கரணையில் கறுப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நிற்கும்போது எனக்குச் சின்ன ஃபோகஸ் பாயிண்ட் வேண்டும். தலைகீழாக விழ ஆரம்பித்த நொடியில் அகலமான ஏரியா வேண்டும், ஷட்டர் வேகமும் கூட வேண்டும். இதற்கெல்லாம் லீவரைத் தேடி மாற்றிக்கொண்டிருந்தால் மீன்கொத்தி மீனோடு மரத்துக்குப் போயிருக்கும். இப்போது ஒரே பட்டன். பிடித்திருக்கும் வரை புது செட்டிங், விட்டதும் பழையபடி. சோனியில் ஏ9, ஏ7 III காலத்திலிருந்தே இந்த வசதி உண்டு. நிக்கானில் இசட்9, இசட்8 இரண்டிலும் உண்டு. ஒரு ஸ்விட்சால் இதைச் செய்ய முடியாது. ஸ்விட்ச் ஒரு வேலைக்குத்தான். பட்டனுக்கு நான் கொடுப்பதுதான் வேலை.

பழக்கம்தான் அண்ணா. மூன்று மாதம் கொடுங்கள்.

---

பழைய_ரோல்

மூன்று மாதத்தில் எத்தனை முகூர்த்தம் போகும் என்று தம்பிக்குத் தெரியாது போலிருக்கிறது.

நான் ரிப்பேர் மேஜையில் உட்காருபவன். இந்தச் சண்டை புதிதில்லை. 1985-இல் மினோல்டா 7000 வந்தபோது ஷட்டர் வேக டயலையே எடுத்துவிட்டார்கள். மேலே ஏற்ற ஒன்று, கீழே இறக்க ஒன்று என்று விசைகளை வைத்தார்கள். ஒவ்வொரு படியாக அமுக்கிக்கொண்டே போக வேண்டும். அடுத்த வருஷமே கேனன் டி90 (T90). ஜெர்மன் வடிவமைப்பாளர் லூயிஜி கொலானி கைவைத்த வடிவம். ஷட்டர் பட்டனுக்குப் பின்னாலேயே ஆள்காட்டி விரலுக்கு ஒரு சக்கரம். இன்றைக்கு வரும் கேனன் இஓஎஸ் கேமராக்கள் வரை அந்தச் சக்கரம் அதே இடத்தில் உருண்டுகொண்டிருக்கிறது. விசை இருந்த இடத்துக்குச் சக்கரம் திரும்பி வந்துவிட்டது, கவனியுங்கள். மினோல்டாவே 1998-இல் டைனாக்ஸ் 9, 2000-இல் டைனாக்ஸ் 7 என்று டயலும் லீவருமாக நிறைத்துக் கொண்டுவந்தது.

நிக்கான் கதை இன்னும் சுவாரஸ்யம். எஃப்4 (1988) முழுக்க டயல். எஃப்5 (1996) வந்தபோது எல்லாம் பட்டனும் கமாண்ட் டயலுமாக மாறியது. ஆனால் மவுண்டுக்குப் பக்கத்து ஃபோகஸ் ஸ்விட்சில் மட்டும் கைவைக்கவில்லை. சி (தொடர் ஆட்டோ), எஸ் (ஒற்றை ஆட்டோ), எம் (மேனுவல்) என்று மூன்று நிலை. டி300, டி700 வரை அப்படியே வந்தது. 2010-இல் டி7000 வந்தபோது மூன்று நிலை இரண்டாகி, லீவருக்கு நடுவில் ஒரு பட்டன் முளைத்தது. ஆட்டோவா மேனுவலா என்பது லீவரில், எந்த ஆட்டோ என்பது பட்டனில். 2018-இல் இசட்6, இசட்7 வந்தபோது பாடியில் அந்த லீவரே இல்லை. 2021-இல் இசட்9-க்கு அதே இடத்தில் ஒரு பட்டன் கிடைத்தது, லீவர் கிடைக்கவில்லை. முப்பது வருஷத்தில் ஒரு ஸ்விட்ச் எப்படிக் கரைந்தது என்று பாருங்கள்.

என்னைக் கேட்டால் டி7000-இல் செய்ததுதான் சரி. லீவரும் வேண்டும், அதன் நடுவில் பட்டனும் வேண்டும்.

---

கோடம்பாக்கம்_கோபம்

> மூன்று மாதத்தில் எத்தனை முகூர்த்தம் போகும்

ஆடி, மார்கழியைக் கழித்துச் சொல்லுங்கள் சார் 😄

---

தட்டும்_வெளிச்சமும்

உணவுப் படம் எடுப்பவள். என் தரப்பையும் கேளுங்கள்.

என் கேமரா மேஜைக்கு மேலே, கிடைமட்டக் கம்பியில், தரையைப் பார்த்துத் தொங்கும். ஸ்டூல் போட்டு ஏறினால்தான் கை எட்டும். எல்லாக் கட்டுப்பாடும் கேபிள் வழியே கணினியில். அப்பர்ச்சரை, ஐஎஸ்ஓவை, ஃபோகஸ் பாயிண்டை எல்லாம் கணினியிலிருந்தே மாற்றுவேன். ஆனால் லென்ஸில் உள்ள ஆட்டோ மேனுவல் ஸ்விட்சைக் கணினி தள்ளாது. அது மேனுவலில் கிடந்தால் அவ்வளவுதான், ஸ்டூல். அப்பர்ச்சர் வளையம் உள்ள லென்ஸிலும் இதே கதை, வளையத்தை ‘ஏ’ (ஆட்டோ) நிலையில் விட மறந்தால் ஸ்டூல். ஏறி இறங்குவதற்குள் கம்பி ஆடும், ஃப்ரேம் மாறும், தோசை வதங்கும். நெய் ரோஸ்ட் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நெய் ரோஸ்டாக இருக்காது என்பது உங்களுக்கே தெரியும்.

ஸ்விட்சின் நிலையை மென்பொருளால் மாற்ற முடியாது. முகூர்த்தத்தில் மேளச்சத்தம் அண்ணாவுக்கு அது வரம். எனக்குச் சாபம்.

---

குறியீட்டுக்காரன்

அக்கா சொன்ன கடைசி வரியில் விஷயம் இருக்கிறது. நான் கேமராக்காரன் இல்லை, தொழிற்சாலை இயந்திரங்களுக்குக் கண்ட்ரோல் பேனல் எழுதுபவன். எங்கள் வேலையில் இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறோம். தள்ளினால் அங்கேயே நிற்கும் ஸ்விட்ச் ஒன்று. அமுக்கினால் வேலை செய்து, விட்டதும் மேலே எழும்பும் பட்டன் இன்னொன்று. முதலாவதில் இப்போது என்ன நிலை என்பது ஸ்விட்சிலேயே இருக்கிறது. இரண்டாவதில் நிலை உள்ளே மெமரியில் இருக்கிறது, அதை ஒரு திரையோ விளக்கோ காட்டினால்தான் உண்டு.

ஆகவே ஒரு செட்டிங்கைப் பற்றி நான் கேட்கும் முதல் கேள்வி: கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன்பே இது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டுமா? ஆஃபில் இருக்கும்போதும் தெரிய வேண்டுமா? ஆம் என்றால் ஸ்விட்ச். இரண்டாவது கேள்வி: இதை இயந்திரமும் மாற்ற வேண்டுமா? ஆம் என்றால் பட்டனோ, குறிகள் இல்லாமல் சுற்றும் டயலோ.

இரண்டுக்கும் பதில் ஆம் என்று வரும் இடத்தில்தான் சிக்கல். மோட் டயலில் யு1, யு2 என்றோ சி1, சி2 என்றோ நம் செட்டிங்குகளை மொத்தமாகச் சேமித்து வைக்கிறோம் அல்லவா? சேமிக்கும்போது ஆட்டோ ஃபோகஸ். பிறகு லென்ஸ் ஸ்விட்சை மேனுவலுக்குத் தள்ளிவிட்டு யு1-க்குத் திருப்பினால் எதை நம்புவது? கேமரா ஸ்விட்சைத்தான் நம்பும். நம்பியே ஆக வேண்டும். மெமரியை நம்பினால் ஸ்விட்ச் ஒன்று சொல்லும், கேமரா வேறொன்று செய்யும். பொய் சொல்லும் ஸ்விட்சைவிட ஸ்விட்சே இல்லாமல் இருப்பது நல்லது. மெமரி வங்கிகள் பெருகப் பெருக ஸ்விட்சுகள் குறைவதற்கு இது ஒரு காரணம் என்பது என் ஊகம். காசு மிச்சம் என்பது இன்னொரு காரணமாக இருக்கலாம், அதையும் மறுக்கவில்லை.

---

நீர்க்காகம்

> பொய் சொல்லும் ஸ்விட்சைவிட ஸ்விட்சே இல்லாமல் இருப்பது நல்லது

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், சொல்லத் தெரியவில்லை. அதோடு ஸ்விட்சுகள் பையில் தானாக நகரும். நண்பன் ஒருவன் வேடந்தாங்கலில் அரை மணி நேரம் கூழைக்கடா எடுத்தான், லென்ஸ் ஸ்விட்ச் மேனுவலில் இருப்பது தெரியாமல். வியூஃபைண்டரில் எல்லாம் கிட்டத்தட்ட ஷார்ப்பாகத்தான் தெரிந்ததாம். அந்தக் கிட்டத்தட்டதான் ஆளைக் கொல்லும்.

---

பழைய_ரோல்

அது ஸ்விட்சின் குற்றமில்லை தம்பி, பையில் போடும் முன் தொட்டுப் பார்க்காத விரலின் குற்றம். தொட்டாலே தெரிந்திருக்கும். பட்டன் என்றால் தொட்டும் தெரியாது.

மேஜையில் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன், ஸ்விட்ச் ஒன்றும் சாகாவரம் பெற்றதில்லை. அதற்குள் ஒரு சின்ன உலோக நாக்கு தட்டின் மேல் உரசிக்கொண்டே போகும். கடற்கரைக்காரர்கள் கொண்டுவரும் பாடிகளில் அந்தத் தட்டில் பச்சை பிடித்திருக்கும். ஸ்விட்ச் ‘எம்’ என்று நிற்கும், கேமரா ஆட்டோவுக்கும் மேனுவலுக்கும் நடுவில் ஊசலாடும். பட்டனுக்கு வேறு வியாதி. உள்ளே குமிழ் போன்ற தகடு, அமுக்கினால் உள்வாங்கி டக்கென்று சொல்லும். நாள்பட்டால் டக் போய்விடும். வேலை செய்யும், ஆனால் அமுங்கியதா இல்லையா என்று விரலுக்குத் தெரியாது. இரண்டும் என்னிடம் வருகின்றன. இரண்டாலும் எனக்குச் சோறு.

---

பனிக்கால்

டொரன்டோவில் இருந்து. நாங்கள் யாழ்ப்பாணத்தில் ஸ்விட்சை ஆளி என்றுதான் பள்ளியில் படித்தோம். இந்த இழையை வாசிக்க அந்தச் சொல் ஞாபகம் வந்துவிட்டது.

நான் பாவிக்கிற கமராவில் பட்டன்கள் எல்லாம் உடலோடு சமமாகப் படுத்திருக்கின்றன. பார்க்க வடிவாக இருக்கும். தை மாதம் மைனஸ் 15-இல் தடித்த கையுறையோடு வெளியே போனால் ஒன்றும் தட்டுப்படாது. எது பட்டன், எது வெறும் உடல் என்று விரலுக்குப் பிடிபடாது. தொடுதிரை கையுறையை மதிக்காது. துருத்திக்கொண்டு நிற்கிற ஆளியும், விளிம்பில் வரிவரியாகக் கீறல் போட்ட டயலும் மட்டும்தான் பேச்சுக் கேட்கும். கையுறையைக் கழற்றி மாற்றலாமே என்பவர்கள் ஒருமுறை இங்கே வந்து கழற்றிப் பார்க்கலாம்.

அதனால் எனக்குப் பட்டனா ஆளியா என்பதைவிட, எவ்வளவு உயரம் என்பது முக்கியம். துருத்தி நிற்கிற பட்டன் என்றால் நானும் பட்டன் கட்சி.

---

கோடம்பாக்கம்_கோபம்

கொஞ்சம் திசை மாறுகிறேன், மன்னிக்கவும். இதே கூத்து போனிலும் நடந்தது. முதல் ஐபோன் 2007-இல் வந்த நாளிலிருந்து பக்கவாட்டில் சைலண்ட் ஸ்விட்ச். 2023-இல் 15 ப்ரோவில் அதை எடுத்துவிட்டு ஆக்‌ஷன் பட்டன் வைத்தார்கள். ஒன்பிளஸ்காரர்களும் வருஷக்கணக்கில் அந்த மூன்று நிலை ஸ்லைடரைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, 2025-இல் 13எஸ்-இல் பட்டனாக்கினார்கள்.

துக்க வீட்டுக்குள் நுழையும்போது பாக்கெட்டுக்குள் கையை விட்டு, கட்டைவிரலால் அந்த ஸ்விட்சைத் தடவிப் பார்த்தால் போதும், நிம்மதியாக உள்ளே போகலாம். இப்போது வாசலில் நின்று போனை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே போனைப் பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு அசிங்கம்!

---

குறியீட்டுக்காரன்

திசை மாறவே இல்லை. அதேதான் இது.

---

இடதுகை_விசை

படித்துக்கொண்டே வந்தேன், ஒன்று விட்டுப்போகிறது. எந்தக் கட்டுப்பாடு என்பது ஒரு பக்கம், எந்த இடம் என்பது இன்னொரு பக்கம். கேனன் ஆர்6-இல் ஆன் ஆஃப் இடது தோளில் இருந்தது. 2022-இல் ஆர்6 மார்க் II வந்தபோது ஆன் ஆஃபை வலது பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு கையால் போட்டுக்கொள்ளலாம், நல்ல மாற்றம்தான். ஆனால் இடது தோளில் காலியான அதே இடத்தில் போட்டோ வீடியோ ஸ்விட்சை வைத்தார்கள். பழைய பாடியிலிருந்து வருபவர் ஆஃப் செய்வதாக நினைத்து வீடியோவுக்குத் தள்ளுவார். ஸ்விட்ச் நல்ல ஸ்விட்ச்தான், விரலின் ஞாபகத்தில் அந்த முகவரியில் வேறு ஆள் குடியிருக்கிறார்.

அதே கம்பெனிதான் 2018-இல் இஓஎஸ் ஆர்-இல் பின்பக்கம் தொட்டு இழுக்கும் பட்டை ஒன்றை வைத்துப் பார்த்தது. 2020-இல் ஆர்5, ஆர்6 வந்தபோது அந்தப் பட்டை இல்லை. அதற்காக யாரும் அழுது நான் பார்க்கவில்லை.

மேளச்சத்தம் சாருக்கு ஒரு யோசனை: பானசோனிக் ஜி9, எஸ்5 மாதிரியான பாடிகளில் ஃபோகஸ் லீவர் இன்னும் பின்பக்கம் கட்டைவிரலுக்கு அருகில் இருக்கிறது, நடுவில் பட்டனோடு. கேனன் ஆர்7-இல் முன்பக்கம் உண்டு. லீவர் உயிரோடுதான் இருக்கிறது, எங்கே என்று பார்த்து வாங்க வேண்டும்.

---

மேளச்சத்தம்

எல்லோருக்கும் நன்றி. பாடியை மாற்றும் நிலையில் இல்லை, இஎம்ஐ இன்னும் ஓடுகிறது.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். என்னிடம் இருக்கும் ஜூம் லென்ஸில் ஆட்டோ மேனுவல் ஸ்விட்ச் இருக்கிறது. அன்றைக்கு மாட்டியிருந்தது ஜூம் இல்லாத சின்ன பிரைம் லென்ஸ், அதில் ஸ்விட்ச் கிடையாது. கூட்டம் நெருக்கியடித்ததால் சின்ன லென்ஸ் போட்டேன். அதனால்தான் பட்டனைத் தேடவேண்டி வந்தது. முதல் பதிவில் இதை விட்டுவிட்டேன்.

நீர்க்காகம் தம்பி, மூன்று மாதம் பழகுகிறேன். ஆனால் மேல் பட்டனும் கீழ் பட்டனும் ஒரே அளவு, ஒரே வழவழப்பு. பழகினாலும் பதற்றத்தில் எது எது என்று விரலுக்கு எப்படித் தெரியும்?

---

குறியீட்டுக்காரன்

இதற்கு எண்பது வருஷம் பழைய விடை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க பி-17 விமானங்கள் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே சக்கரத்தை உள்ளே மடக்கி வயிற்றால் உட்கார்ந்தன. விமானி இறக்கையின் ஃப்ளாப்பை மடக்கத்தான் கையை நீட்டியிருப்பார். அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கும் ஃப்ளாப்புக்கும் ஒரே மாதிரி இரண்டு ஸ்விட்ச், பக்கத்தில் பக்கத்தில். கவனியுங்கள், ஸ்விட்சாக இருந்தும் தப்பவில்லை. அவர் சக்கர ஸ்விட்சில் சின்ன ரப்பர் சக்கரமும், ஃப்ளாப் ஸ்விட்சில் ஆப்பு வடிவமும் பொருத்தச் சொன்னார். இன்றைக்கும் விமானங்களில் சக்கர லீவரின் முனை சக்கர வடிவில்தான் இருக்கிறது.

உங்களுக்கு வேண்டியதும் அவ்வளவுதான் அண்ணா. ஒரு பட்டனில் எதையாவது ஒட்டுங்கள்.

---

தட்டும்_வெளிச்சமும்

கூடவே மேல் பட்டனிலிருந்து ஒயிட் பேலன்ஸை எடுத்துவிடுங்கள். மெனுவில் ‘எதுவும் இல்லை’ என்று வையுங்கள். தப்பாக அமுக்கினாலும் ஒன்றும் ஆகாது. கல்யாணத்துக்கு நடுவில் ஒயிட் பேலன்ஸ் மாற்ற வேண்டியிருந்தால் திரையில் பார்த்து மாற்றிக்கொள்ளலாம், அதற்கு நேரம் இருக்கும்.

---

நீர்க்காகம்

அக்கா சொன்னதோடு இதுவும். மோட் டயலில் யு1 மாதிரி ஒரு யூசர் நிலை சும்மாதானே இருக்கும்? அதில் முகூர்த்த செட்டிங்கை முழுசாகப் போட்டு வையுங்கள், ஃபோகஸ் மேனுவலில். ஒரு திருப்பு. டயலைத் தொட்டாலே எந்த நிலை என்று தெரியும். (ஆமாம், நிற்கிற டயலைத்தான் சிபாரிசு செய்கிறேன். பழைய_ரோல் ஐயா சிரிக்க வேண்டாம்.)

---

பழைய_ரோல்

சிரிக்கவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்தேன், புரை ஏறியது.

ஆனால் வீட்டில் சோதித்துப் பார்க்காமல் யூசர் நிலைக்குத் திருப்ப வேண்டாம். சேமித்த ஷட்டரும் ஐஎஸ்ஓவும் கூடவே வந்து உட்காரும். மண்டப வெளிச்சம் மாறியிருந்தால் படம் இருட்டாகவோ வெளுத்தோ போகும். அதோடு, ஆட்டோவில் பிடித்த ஃபோகஸ் தூரம் நிலை மாறும்போது அப்படியே நிற்கிறதா என்றும் பாருங்கள்.

---

மேளச்சத்தம்

ஐப்பசி முகூர்த்தம் ஒன்று முடித்துவிட்டு எழுதுகிறேன்.

மேல் பட்டனில் வேலை எதுவும் வைக்கவில்லை. யூசர் நிலையைச் சோதித்துப் பார்த்தேன், ஐயா சொன்னது போல வெளிச்சம் மாறும் மண்டபத்தில் எனக்குச் சரிவரவில்லை, விட்டுவிட்டேன். ஒட்டுவதற்கு என்ன செய்வது என்று யோசித்தபோது வீட்டுக்காரி தன் பொட்டு அட்டையை நீட்டினாள். நடுவில் கல் வைத்த, மிளகு அளவு ஸ்டிக்கர் பொட்டு. கீழ் பட்டனில் ஒட்டினேன். நடுவிரல் போகும்போதே கல் தட்டுகிறது. இரவு முழுக்க ரிசப்ஷன், காலையில் முகூர்த்தம், வியர்வையில் ஒரு தடவை உரிந்து விழுந்தது. மணப்பெண்ணின் அக்காவிடம் கேட்டேன், வேறொன்று கொடுத்தார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்று முடிச்சும் ஷார்ப்.

---

பனிக்கால்

அந்தப் பொட்டு கையுறைக்கும் தட்டுப்படுமா என்று பார்க்க வேண்டும். மனைவியிடம் அட்டை கேட்டிருக்கிறேன்.